மரியாதை கொடுத்த மீன் எண்ணெய்

மாதாவுக்கு அடுத்தபடியாக ஜோசபின் நம்பியது மீன் எண்ணெயைத்தான். கோயில் சாமியார் காதில் விழுந்தால் முகம் சுளிப்பார். சுளித்துவிட்டுப் போகட்டும். பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் ஆயா வேலை பார்த்தவள் அவள். தினமும் காலையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் மூக்கையும் பிடித்துக்கொண்டு, வாயில் ஒரு கரண்டி மீன் எண்ணெய் ஊற்றுவாள். குச்சிக் கைகாலும் பானை வயிறுமாக வந்ததுகள் ஆறே மாதத்தில் தேறி, அவளையே எதிர்த்துப் பேசும் அளவுக்கு வாய் வளர்ந்ததைக் கண்ணால் கண்டவள். மந்தமாக இருந்த பிள்ளைகூட எண்ணெய் குடித்த பிறகு பதினாறாம் வாய்ப்பாடு சொன்னது என்று சத்தியம் பண்ணுவாள். சொல்லிக்கொடுத்த வாத்தியார் இதைக் கேட்டிருந்தால் வேலையை விட்டிருப்பார்.

அவள் புருஷன் பெர்னார்ட் அதே தோட்டத்தில் மண்டோர். பால்மரம் வெட்டும் நாற்பது பேரை விடிந்ததிலிருந்து மதியம் வரை விரட்டி வேலை வாங்குகிற உத்தியோகம். அவர் ஒரு சத்தம் போட்டால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன்கூடக் கத்தியைக் கையில் எடுத்துக்கொள்வான் என்று பேச்சு. அந்தத் தொண்டையை வீட்டு வாசலில் கழற்றி வைத்துவிட்டா வருவார்? உள்ளேயும் அதே சத்தம்தான். "ஏய்", "இந்தாடி", "எங்கடி போய்த் தொலஞ்ச". கோயிலில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது என்பதே ஜோசபினுக்கு மறந்துபோகும் அளவுக்கு இந்த மூன்று பெயரும் அவளுக்குப் பழகிவிட்டன. வருத்தமா என்றால் அப்படியும் இல்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, வாய் மட்டும்தான் நீளம். பதிலுக்கு அவளும் சும்மா இருப்பவள் இல்லை. ஒரு சொல்லுக்கு நாலு சொல் திருப்பிக் கொடுத்துத்தான் குடித்தனம் பண்ணினாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் இருவருக்கும் வேலை முடிந்தது. தோட்டத்து வீட்டைக் காலி பண்ணிக்கொடுத்துவிட்டு, சிடாம் கிரியில் இரண்டு அறையும் ஒரு குசினியும் உள்ள பலகை வீட்டுக்கு வந்தார்கள். ஒரே மகள் ஜெனவீவ் அலோர் ஸ்டாரில் டீச்சர், அங்கேயே கட்டிக்கொடுத்தாகிவிட்டது. இனி இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே நிம்மதியாக இருக்கலாம் என்றுதான் ஜோசபின் நினைத்தாள்.

எண்பத்திரண்டில் ஒரு நாள் காலை, ரொட்டி வாங்கப் போன மனுஷன் மதியம் வரை வீடு திரும்பவில்லை. சாயங்காலம் தோட்டத்து வேன் ஒன்று அவரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டது. நடந்தது இதுதான். பஸ் ஏறிப் பழைய தோட்டத்துக்குப் போய், தாங்கள் இருந்த வீட்டுக்குள் நேராக நுழைந்து, நாற்காலியில் உட்கார்ந்து, இப்போது அங்கே குடியிருக்கும் பொம்பளையிடம் காப்பி கேட்டிருக்கிறார். அவள் நல்லவள், ஒன்றும் சொல்லாமல் போட்டுக் கொடுத்திருக்கிறாள். குடித்துவிட்டு, சீனி போதவில்லை என்று சத்தம் போட்டாராம். வேன்காரன் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். ஜோசபினும் அவனோடு சேர்ந்து சிரித்துவிட்டு, குசினிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சுங்கை பட்டாணியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். இந்த வருஷம் என்ன வருஷம், நீங்கள் இருக்கிற ஊர் எது என்று அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் பெர்னார்ட் கோபத்தையே பதிலாகக் கொடுத்தார். டாக்டர் பேனாவை மூடிவிட்டு, "ஞாஞுக்" என்றார். கிழவன் கிழவிகளுக்குப் புத்தி பேதலிப்பதற்கு மலாய்க்காரர்கள் சொல்கிற சொல். தோட்டத்துப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கிண்டல் பண்ண வைத்திருக்கிற சொல். அதைப் போய்ப் படித்த மனுஷன் வியாதிக்குப் பெயராகச் சொல்கிறானே என்று ஜோசபினுக்கு ஆத்திரம் பொங்கியது. மருந்து கேட்டாள். இதற்கு மருந்து இல்லை, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், போகப் போக ஆட்களைக்கூட அடையாளம் தெரியாமல் போகலாம் என்றார். அந்தக் கடைசிப் பேச்சுத்தான் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

அந்த வருஷம் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஊரை மறக்கட்டும், உறவை மறக்கட்டும், தன் பெயரையே மறந்தாலும் போகட்டும். என்னை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும். கேட்டுவிட்டு, வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதற்கு ஒரு வழியும் யோசித்துக்கொண்டு வந்தாள். சாமி பாட்டுக்குச் சாமி செய்யட்டும், நம் கையால் ஆனதை நாம் செய்யவேண்டாமா? மூளைக்கு மீன் நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள். மீனே நல்லது என்றால் மீனைப் பிழிந்த எண்ணெய் எவ்வளவு நல்லதாக இருக்கும்!

சுங்கை பட்டாணி பஸ் நிலையத்துக்கு எதிரே யஹ்யாவின் கடை. அரிசி, பருப்பு, மசாலாவோடு ஒரு கண்ணாடி அலமாரி நிறைய மருந்துச் சாமானும் வைத்திருந்தான். அவன் தாத்தா ராமநாதபுரத்திலிருந்து வந்து போட்ட கடை. ஜோசபின் போய்க் கேட்டதும் மீன் எண்ணெய் மாத்திரை போத்தல் ஒன்றை எடுத்து வைத்தான். இப்போது கரண்டி வேண்டாம், மூக்கைப் பிடிக்க வேண்டாம், மஞ்சளாக முத்து முத்தாக வருகிறது. எதற்கு என்று கேட்டான். அவள் சொன்னாள். அவன் போத்தலிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அக்கா, மீனு ஒடம்புக்கு நல்லது, இல்லங்கல. ஆனா போன ஞாபகத்த இது திருப்பிக் கொண்டாந்துரும்னு நான் சொல்லி வித்தா அல்லா என்னயத்தான் கேப்பான்."

"நீ சொல்லவேணாம் தம்பி. குடு. நான் பாத்துருக்கேன்."

தினமும் மீனாகவே வாங்கிக் கொடுங்கள், அது இன்னும் மேல் என்றான். அதையும் விடவில்லை அவள். சனிக்கிழமைதோறும் பக்கத்து வீட்டுப் பிரேமாவதியை அவருக்குத் துணை வைத்துவிட்டு, கோத்தா கோலா மூடாவுக்குப் பஸ் ஏறிப் போய், படகு வந்து இறங்கியதும் துள்ளத் துள்ளக் கெம்போங் மீன் வாங்கிவருவாள். மீனும் எண்ணெயுமாக எண்பத்துமூன்றில் ஈஸ்டருக்கு முந்திய தவசு காலம் தொடங்கியது. காலையில் ஒரு மாத்திரை, மாலையில் ஒரு மாத்திரை. பெர்னார்ட் துப்பப் பார்ப்பார். பழைய ஆஸ்பத்திரி ஆயாவிடமா நடக்கும்?

ஈஸ்டர் கழிந்து இரண்டு வாரம் இருக்கும். காலையில் காப்பியைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். ஆறிப்போச்சா, சூடு பத்தலையா, சீனி எங்கே என்று ஏதோ ஒரு சத்தம் வரும் என்று நின்றாள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். நாற்காலியில் கொஞ்சம் நேராக உட்கார்ந்துகொண்டார்.

"வச்சுட்டுப் போங்க. ரொம்ப நன்றிங்க."

போங்க! ஜோசபின் திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். யாரும் இல்லை. முப்பத்தேழு வருஷக் குடித்தனத்தில் அந்த வாயிலிருந்து அவளுக்கு ஒரு 'ங்க' வந்தது கிடையாது. தோட்டத்துத் துரைக்கும் கோயில் சாமியாருக்கும் மட்டும் எடுத்து வைத்திருந்த பேச்சு அது. குசினிக்குப் போய்ச் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணமாகி மூன்றாம் நாள் வந்த வெட்கம் அறுபது வயசில் வந்தது அவளுக்கு. மத்தியானம் சோறு போட்டபோது, "நீங்க சாப்டீங்களா?" என்று கேட்டாரே பார்க்கலாம். கையிலிருந்த கரண்டி நழுவிக் கீழே விழுந்தது. அதையும் குனிந்து அவரே எடுத்துக் கொடுத்தார்.

எண்ணெய் வேலை செய்கிறது! இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? மூளைக்குச் சத்து ஏறினால் புத்தி தெளியும், புத்தி தெளிந்தால் பெண்டாட்டி அருமை தெரியும். இவ்வளவுதானே கணக்கு. தெருவில் முதலில் பிரேமாவதியிடம்தான் சொன்னாள். எங்கள் வீட்டு மனுஷர் எனக்கு 'ங்க' போட்டுப் பேசுகிறார் என்றதும் பிரேமாவதி நம்பவில்லை, வேலியோரம் வந்து நின்று காது கொடுத்தாள். உள்ளே பெர்னார்ட், "ஒங்களுக்கு எதுக்குங்க செரமம், நானே எடுத்துக்கிறேன்" என்று சொல்வது தெளிவாகக் கேட்டது. பிரேமாவதி வாயைப் பிளந்தாள்.

"அக்கா, அந்த மாத்திரையில ரெண்டு குடு லா. எங்க வீட்டுலயும் ஒன்னு கெடந்து கொலைக்குது."

ஒரே மாதத்தில் யஹ்யாவின் அலமாரி காலி. சிடாம் கிரிப் பொம்பளைகள் ஒவ்வொருத்தியாக வந்து மீன் எண்ணெய் கேட்கிற மர்மம் அவனுக்குப் பிடிபடவே இல்லை. பிரேமாவதி புருஷன் அழகேசன் இரண்டு வாரம் விழுங்கினான். மீன் வாசத்தோடு ஏப்பம் விட்டானே தவிர, 'போடி'யை மட்டும் விடவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், உன் வீட்டுக்காரனுக்கு மண்டை கெட்டி என்று ஜோசபின் ஆறுதல் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமை இருக்கிறதே, அதை மாதா மன்னிக்கட்டும். அந்தச் சந்தோஷத்தில் இரண்டு மாத்திரையை நாலாக்கினாள், நாலை ஆறாக்கினாள். அவருக்கு வயிறு இளகி, பாயெல்லாம் மீன் வாடை வந்தது. அதையும் முகம் சுளிக்காமல் துவைத்துப் போட்டாள். துவைக்கும்போது அவர் பக்கத்தில் வந்து நின்று, "மன்னிச்சுக்குங்க" என்றார். அவள் சோப்புக் கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகளுக்கு எழுதும் கடிதத்தில் இதையும் எழுதவேண்டும் என்று நினைத்தாள்.

கடிதம் கண்டதும் ஜூன் பள்ளி விடுமுறைக்கு ஜெனவீவ் வந்தாள். அப்பா அவளைப் பார்த்ததும், "ஜெனி, வா வா, எப்ப பஸ் ஏறுன?" என்று முகம் மலர்ந்தார். ஜோசபினுக்குப் பெருமை தாங்கவில்லை. அடுப்படியில் கெம்போங் மீனைக் குழம்பில் போட்டுவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தவள், வாசல்படியில் அப்படியே நின்றாள். பெர்னார்ட் மகள் பக்கம் குனிந்து ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தார். அவர் ரகசியம் குசினி வரை கேட்கும்.

"ஜெனி, குசினில ஒரு அம்மா இருக்காங்கள்ல, யாரு அவங்க? நல்ல மனுஷி, ஒன்னும் கொற சொல்றதுக்கு இல்ல. சோறுகூட ஆக்கிப் போடுறாங்க. ஆனா நாள் பூரா இங்கயே இருக்காங்களே. ஒங்க அம்மா வந்து பாத்தா என்னா நெனைப்பா? அவ எங்க போனா?"

ஜெனவீவ் திரும்பி வாசல்படியில் நின்ற அம்மாவைப் பார்த்தாள். ஜோசபின் தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். "நன்றிங்க" என்றார் அவர். அடுப்பில் மீன் தீய்ந்துகொண்டிருந்தது, அவள் திரும்பிப் போகவில்லை.

அப்படியானால் அந்தப் 'போங்க'வும், 'சாப்டீங்களா'வும், 'மன்னிச்சுக்குங்க'வும் யாருக்கு? யாரோ ஒரு அந்நியப் பொம்பளைக்கு. கட்டினவளுக்கு யாராவது 'ங்க' போடுவானா? அதுவும் அந்த மனுஷன்! இவ்வளவு காலம் குடித்தனம் பண்ணினவளுக்கு அது உறைக்கவில்லையே. மரியாதை கொடுக்கிறார், மரியாதை கொடுக்கிறார் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தாளே, அந்த ஒவ்வொரு மரியாதையும் அவளை ஒவ்வோர் அடியாக வீட்டைவிட்டு வெளியே தள்ளி வைத்திருந்தது. இதை நினைத்து நினைத்து அவள் மூன்று நாள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

பிறகு ஒரு காரியம் செய்தாள். புத்தி உள்ளவர்கள் சிரிக்கலாம், நான் சிரிக்கமாட்டேன். எண்ணெயால் வந்த மரியாதை என்றால், எண்ணெயை நிறுத்தினால் மரியாதை போய்விட வேண்டும் அல்லவா? போத்தலோடு கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். மஞ்சள் முத்தெல்லாம் மிதந்துகொண்டு போவதைப் பார்த்தபடி நின்றாள். அடுத்த நாள் காலை காப்பியை வேண்டுமென்றே ஆறவைத்து, சீனி போடாமல் கொண்டுபோய் வைத்தாள். திட்டட்டும், ஒரே ஒரு வசவு, ஒரே ஒரு 'டி'. பெர்னார்ட் ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. அப்புறம் விருந்து வீட்டில் நடந்துகொள்கிற மாதிரி மிச்சத்தையும் குடித்து முடித்து, "நல்லாருக்குங்க" என்றார்.

பிரேமாவதி விஷயம் கேள்விப்பட்ட அன்றே தன் வீட்டுப் போத்தலைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடிவந்தாள். வந்தவள் ஜோசபின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அழகேசன், "எங்கடி போய் ஒக்காந்துக்கிட்ட?" என்று கத்தினான். பிரேமாவதி தலையைக் குனிந்துகொண்டாள். ஜோசபின்தான், "போ, கூப்புடுறாரு பாரு, போ" என்று அவளை எழுப்பி அனுப்பினாள்.

டாக்டரிடம் மறுபடியும் போனாள். ஆறு மாத்திரை கொடுத்ததைக் கேட்டு அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. இந்த எண்ணெய் அளவுக்கு மிஞ்சினால் ஈரலைக் கெடுத்துவிடும், நல்லவேளை நிறுத்தினீர்கள் என்றார். மரியாதை எண்ணெயால் வரவில்லை, நிறுத்தியதால் போகவும் போகாது, அது வியாதி பாட்டுக்கு நடப்பது என்று பொறுமையாக விளக்கினார். உங்கள் கணவர் தேடுவது இருபத்தைந்து, முப்பது வயசுப் பெண்ணை, நரைத்த தலையோடு நிற்கும் உங்களை அந்தக் கணக்கில் சேர்க்க அவருக்குத் தெரியவில்லை என்றார். நல்ல மனுஷன்தான். முதலில் அவர்மேல் கோபப்பட்டதற்கு ஜோசபின் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டாள்.

அந்த வருஷக் கடைசியில் பெர்னார்ட் ஒரு புதுப் பழக்கம் தொடங்கினார். பின்நேரம் நாலு மணி ஆனால் போதும், நிலைகொள்ளாமல் வாசலுக்கும் அறைக்கும் நடப்பார். பிறகு அவள் முன்னால் வந்து தொண்டையைச் செருமிக்கொண்டு நிற்பார். பொழுது சாய்கிறது, தன் வீட்டுக்காரி வருகிற நேரம், வேற்றுப் பொம்பளை ஆம்பளையோடு தனியாக இருப்பதைக் கண்டால் மனசு கஷ்டப்படுவாள், தயவுசெய்து கிளம்புங்கள் என்று கையைக் கட்டிக்கொண்டு சொல்வார். முதல் நாள் ஜோசபின், "நான்தாங்க ஒங்க வீட்டுக்காரி" என்றாள். அவர் முகம் சிவந்துபோனது. அப்படியெல்லாம் பேசக்கூடாதுங்க, அது தப்பு என்றார். என்ன செய்வாள்? கட்டின பெண்டாட்டிக்குத் துரோகம் பண்ணமாட்டேன் என்று புருஷன் உறுதியாக நிற்கிறார். அதற்காக அவரைக் கும்பிடுவதா, தன் தலையில் அடித்துக்கொள்வதா?

குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். முன்வாசல் வழியாகப் போய், ரோடு வரைக்கும் நடந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு குசினிக் கதவு வழியாக உள்ளே வந்து, பழைய நீலப் பூப்போட்ட சட்டையும் கைலியும் மாற்றிக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். பாத்திரச் சத்தம் கேட்டதுதான் தாமதம், முன்னறையிலிருந்து அந்தத் தொண்டை வந்தது.

"எங்கடி போய்த் தொலஞ்ச இவ்ளோ நேரம்? காப்பி எங்க?"

ஜோசபின் அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்துகொண்டாள். அழுகை என்றால் அப்படி ஒரு அழுகை. காப்பி கொண்டுபோனதும் அவளை முழுசாகப் பார்க்காமலே வாங்கிக்கொண்டார். "ஒரு அம்மா வந்து ஒக்காந்துருந்துச்சி. பாவம், யாரு பெத்த புள்ளையோ, போக எடமில்ல போல. நீ வர்ற நேரம்னு அனுப்பி வச்சேன்" என்றார். நல்லது செய்தீர்கள் என்றாள் அவள். அந்த ஒரு காப்பி குடிக்கிற நேரம் அவளுக்குப் புருஷன் கிடைத்தார். சீனி போதவில்லை என்று திட்டினார், குழம்பில் புளி தூக்கல் என்றார், ஒரு நாள் பழைய கோபம் ஒன்றை நினைத்துக்கொண்டு அரை மணி நேரம் வைதார். அவள் ஒவ்வொன்றையும் தேன் மாதிரி வாங்கிக்கொண்டாள். பொழுது இருட்டினால் மறுபடியும் 'நீங்க' ஆகிவிடுவாள். அதனால் என்ன, நாளைக்கும் நாலு மணி வரும்.

பத்து மாதம் இப்படி ஓடியது. தினமும் ஒரு தரம் அந்நியப் பொம்பளையாக முன்வாசலில் வெளியேறி, பெண்டாட்டியாகப் பின்வாசலில் நுழைந்தாள். காய்ச்சல் வந்த நாளிலும் நடந்தாள். மகள் அலோர் ஸ்டாருக்கு இரண்டு பேரும் வந்துவிடுங்கள் என்று எவ்வளவோ கூப்பிட்டாள். அந்த வீட்டில் பின்வாசல் இல்லை என்று ஜோசபின் சொன்ன காரணம் மகளுக்கு விளங்கவில்லை.

எண்பத்துநாலு அக்டோபர், மழைக்காலம். அன்றைக்கும் நாலு மணிக்கு அவர் கைகட்டிக்கொண்டு வந்து நின்றார், அவள் கிளம்பினாள். ரோட்டு முனையில் மீன் வண்டி நின்றது, நாலு கெம்போங் வாங்கிக்கொண்டு சுற்றி வந்தாள். குசினிக் கதவைத் தள்ளினால் பெர்னார்ட் உள்ளே நின்றுகொண்டிருக்கிறார். தண்ணீர் குடிக்க வந்தாரோ என்னவோ. அவள் சட்டை மாற்றவில்லை, அடுப்புப் பற்றவைக்கவில்லை, கையில் குடையும் மீன் பையுமாக அவர் முன்னால் நின்றாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாமே.

"இந்தப் பக்கமா வரக்கூடாதுங்க" என்றார். அவள் கையைத் தொடாமல், வழி காட்டுகிற மாதிரி முன்னால் நடந்து, முன்னறை வழியாக வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவள் படியில் இறங்கியதும் கதவைப் பாதி சாத்திக்கொண்டு இடைவெளியில் நின்றார்.

"கோவிச்சுக்காதீங்க. வீட்டுல பொம்பள இல்லாதப்ப ஒங்கள உள்ள வச்சுருக்கிறது மரியாத இல்ல. ஜோசபின் வந்துரட்டும், அப்புறமா வாங்க."

ஜோசபினுக்கு முதலில் அது தன் பெயர் என்றே படவில்லை. கல்யாணத்துக்குக் கோயிலில் பெயர் கொடுத்து ஓலை வாசித்தபோது சாமியார் சொன்னார், ஆஸ்பத்திரியில் சம்பளத்துக்குக் கூப்பிட்டபோது கணக்கெழுதும் கிராணி சொன்னார். இந்த வாய் சொல்லி அவள் கேட்டதே கிடையாது. புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லக்கூடாது என்று வைத்திருந்த ஊரில், பெண்டாட்டி பெயரைச் சொல்ல எந்தப் புருஷன் வெட்கப்படாமல் இருந்தான்? சொல்லிவிட்டாரே. இவ்வளவு அழகாகச் சொல்லத் தெரிந்திருக்கிறதே.

"யாரு வரட்டும்னு சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"ஜோசபின். எங்க வீட்டுக்காரி."

மழை வலுத்தது. அவள் குடையை விரிக்கவில்லை. "எனக்குக் காது கொஞ்சம் மந்தங்க. யாருன்னு கேக்கல" என்றாள்.

செவிட்டுப் பொம்பளை என்று அவருக்கு இரக்கமாகப் போய்விட்டது. கதவை இன்னும் கொஞ்சம் திறந்து, தலையை வெளியே நீட்டி, நாற்பது பேரை விரட்டிய அந்தப் பழைய தொண்டையை எடுத்து, தெருவெல்லாம் கேட்கும்படி கத்தினார்.

"ஜோசபின்!"

பிரேமாவதி தன் வீட்டு வாசலுக்கு வந்து பார்த்தாள். ஜோசபின் படியில் நின்றபடி, "என்னங்க, இந்தா வந்துட்டேன்" என்றாள்.

பெர்னார்ட் அதற்குள் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டார். அவர் ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காரும் சத்தம் கேட்டது. வீட்டுக்காரி வருகிறாளா என்று ரோட்டைப் பார்ப்பதற்காக.